சாயம் ஏறிய கையைத் தோல் வியாதி என்று எழுதிவிட்டது பற்றி

அனுப்புநர்:
து. எல்லம்மாள்,
த/பெ. காலஞ்சென்ற துரைக்கண்ணு,
சாயப்பட்டறைத் தொழிலாளி,
செவிலிமேடு, காஞ்சிபுரம்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
கப்பல் பணித் தேர்வு அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம், சென்னை.

பொருள்: என் தம்பி து. சிட்டிபாபுவுக்கு மறுபடி ஒருமுறை வைத்தியப் பரிசோதனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். குறை அதற்குப் பிறகு.

1. சென்ற ஆண்டு நேர்முகத் தேர்வில், கடலைப் பார்த்திருக்கிறாயா என்று தாங்கள் என் தம்பியைக் கேட்டீர்களாம். பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பார்த்திருக்கிறேன் என்றானாம் அவன். உடனிருந்தவர்கள் சிரிக்க, தாங்கள் மட்டும் சிரிக்காமல், நீச்சல் தெரியுமா என்று அடுத்த கேள்விக்குப் போனீர்களாம். அப்பா இல்லாத வீடு. சிபாரிசுக்கு ஆளும் இல்லை. அவனைப் பயிற்சிக் கப்பலில் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த உபகாரத்தை நாங்கள் மறக்கவில்லை.

2. பயிற்சி முடிந்து வெள்ளைச் சட்டையில் வந்து நின்றவனை யாரோ என்று நினைத்து அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கயிறு முடிய, துடுப்புப் போட, துணி மடிக்க எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். கப்பல் தளத்தைத் தேய்த்த பழக்கத்தில், விடியுமுன் எழுந்து எங்கள் வீட்டுத் தரையையும் தேங்காய் மட்டையால் தேய்த்தான். சாணம் மெழுகிய தரை, ஐயா. இரண்டு மூன்று நாளில் மண்ணே பெயர்ந்துவிட்டது. திரும்பப் பூசியவனும் அவன்தான்.

3. வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். பட்டறையில் வேலை செய்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம்: பெண்ணின் கல்யாணப் புடவைக்கான பட்டு நூலை அவள் உடன்பிறந்தவன் சாயத்தில் நனைக்க வேண்டும். கல்யாணத்தன்று நடுக்கடலில் இருப்பேன், இதையாவது செய்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். நூலைக் கோலில் மாட்டிச் சாயத்தொட்டியில் திருப்பினால் போதும் என்று சொன்னேன். "உன் புடவைக்குக் கோலு எதுக்குக்கா, கையாலயே நனைக்கிறேன்" என்றான். முழங்கைவரை அரக்குச் சாயம் ஏறிவிட்டது. பரிசோதனைக்கு வரச்சொல்லித் தங்கள் தந்தி வந்தது மறுநாள்.

4. வெள்ளைக் கையோடு போகட்டும் என்று நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். சாயம் திட்டுத் திட்டாகப் போனது. தோலும் கூடவே உரிந்தது. பரிசோதித்த டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டிருக்கிறார். "எஸ் சார்" என்றிருக்கிறான். அம்மாவுக்கும் எனக்கும் கை இப்படித்தான் என்பதால் அது பொய்யும் இல்லை. மேலதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மேற்கொண்டு பேசாதே என்பது கப்பலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அன்றைக்குப் பார்த்து ஒழுங்காகக் கடைப்பிடித்துவிட்டான். தொற்றும் தோல் வியாதி, கப்பல் பணிக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

5. டாக்டர் அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கையைப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். என் குறையெல்லாம், சாயம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பில்லாமல் போனதுதான். இப்போது கை தேறிவிட்டது; நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. பட்டறைப் பக்கம் அவனை நான் விடுவதில்லை. இந்தத் தாளின் ஓரத்தில் பட்டிருப்பது என் கைச் சாயம். மன்னிக்க வேண்டும். டாக்டரிடம் இதையே காட்டினாலும் சரி. எங்கள் முதலாளி ஆதிகேசவன் அவர்களின் சாட்சிக் கடிதமும் இணைத்திருக்கிறேன்.

6. அவன் ஏற வேண்டிய கப்பல் இம்மாதக் கடைசியில் புறப்படுகிறது. இப்போதெல்லாம் அவன் விடியற்காலையில் எழுவதில்லை. தரையைத் தேய்ப்பதுமில்லை. கல்யாணத்துக்கு இருப்பேனே, நல்லதுதானே என்று என்னிடம் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, அவனை மறுபடி ஒருமுறை அழைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ஒருமுறை செய்த உதவியே பெரிது. இன்னொரு முறையும் கேட்கிறேன். என் கல்யாணத்தன்று பந்தலில் என் தம்பி இல்லாதிருக்கத் தாங்கள் தயவுசெய்ய வேண்டும்.

இடம்: செவிலிமேடு
நாள்: 6-12-1967

என்றும் நன்றியுள்ள,
து. எல்லம்மாள்