துண்டை ஆட்டவில்லை

மாசி மாதம், 1931, ஞாயிறு இரவு. சாந்தோம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

காலையில் மாதா கோயில் பூசைக்குப் புறப்படும்போது கரையோரத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. காணாங்கத்தை மீன் கூட்டம். கரையில் நின்று நான் துண்டை ஆட்டிக் காட்டுகிற பக்கம்தான் படகுக்காரர்கள் வலையை விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய நாள்; அன்று மட்டும் நான் ஆட்டுவதில்லை.

வலை முதலாளி ஓடிவந்தார். "நீ கடல்ல எறங்க வாணாம் நைனா, துண்ட மட்டும் ஆட்டு. கொட்டிவாக்கம் வரைக்கும் எல்லா வலைக்கும் உன்னியே தலைவனாக்கிடறேன். இல்லாங்காட்டி நாளைலேர்ந்து வேற ஆளு."

"வேற ஆளப் பாத்துக்க மொதலாளி. பூசைக்கு நேரமாய்டுச்சி."

"உன் சாமி குடுப்பாரா இந்தப் பதவிய?"

"அவரு குடுத்தத வச்சிக்கவே எடம் பத்தல."

வேலை போயிற்று. வலை கிழியக் கிழிய மீன் வந்த காலத்தில்கூட, பக்கத்து வலையை நினைத்து வயிறெரிந்தபடி படுத்தவன் நான். இன்று கோயிலில் என் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கித் திரும்பியபோது நெஞ்சு நிறைந்து வழிந்தது. ஆண்டவரே, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்!

"இனிமே இன்னாத்த துன்றது?" என்று மகன் கத்தினான். ராத்திரி வெறும் கஞ்சிதான். இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். மருமகள் சிரிக்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.