வலது ஸ்பீக்கரில் அண்ணன்

மார்ச் 3, செவ்வாய்

பல் வலி. இடப்பக்கம் எதையும் மெல்ல முடியவில்லை. இந்த லட்சணத்தில் ஆசிரியர் கூட்டம் போட்டு எங்கள் இசைப் பத்திரிகையின் ஆண்டுச் சிறப்பிதழை அறிவித்தார். ஒரு பாட்டையே இருபது நிமிடம் இழுக்கும் ராக் வகையான புராக்ரெசிவ் ராக்கில் ஆக மோசமான ஆல்பங்கள் பத்து, தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவை பத்து. வாசகர்கள் வாக்களித்தாகிவிட்டது. எழுதுவதுதான் பாக்கி.

மோசமானவற்றில் முதலிடம் 'தூங்கும் தீவின் ஏழு வாசல்கள்'. தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவற்றில் ஒன்பதாம் இடம், அதே ஆல்பம்! யாரோ ஒரு பேராசிரியர் அதன் வெறுமையைத் தியானம் என்று எழுதித் தொலைத்ததன் விளைவு. "மோசம்னும் சொல்றாங்க, ஓவரா புகழ்ந்துட்டாங்கன்னும் சொல்றாங்க. இவங்களுக்கு என்னதான் வேணும்?" என்று லேஅவுட் செய்பவர் கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதில் கீபோர்டு போன்ற ஆர்கனை வாசித்தவன் என் அண்ணன் என்பது ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

யார் எதைப் பற்றி எழுதுவது என்று சீட்டுக் குலுக்கினோம். எனக்கு எது வந்தது என்று எழுதவும் வேண்டுமா?

மார்ச் 4, புதன்

வேறு ஆல்பம் கேட்டுப் போனேன். காரணம் சொல்லவில்லை. "சீட்டு சீட்டுதாம்மா. முழுசா ரெண்டு தடவை கேட்டுட்டு எழுதுங்க. நடுவுல எழுந்தா மறுபடி முதல்லருந்து" என்றார் ஆசிரியர். திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு, இது அவர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான்.

நான் அதை இதுவரை கேட்டதே இல்லை. வெளியானபோது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். முந்நூறு இசைத்தட்டு அச்சடித்து, பாதிகூட விற்கவில்லை என்று அம்மா சொன்னாள். பல வருடம் கழித்து யாரோ அதை இணையத்தில் ஏற்ற, உலகமே கூடிச் சிரிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் கேட்க மனம் வரவில்லை. கேட்டு, எனக்கும் பிடிக்காமல் போய்விட்டால்? அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மார்ச் 5, வியாழன்

ஆபீசுக்கு ஒரு போன். இடியின் மகள்.

இடி, அண்ணன் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். எங்கள் வீட்டுக் கதவை அவர் ஒரு தட்டு தட்டினால் தெருவே எட்டிப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். என் சைக்கிள் செயின் கழன்றால் மாட்டித் தருவதும் அவர்தான். அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"அப்பா போய் நாலு மாசம்தான் ஆகுது. நீங்க அந்த ஆல்பத்தைத் திட்டுங்க, வேண்டாங்கல. இந்தத் தடவை அவர் பேரை மட்டும் விட்டுட முடியுமா? அம்மா தேடித் தேடிப் படிக்கிறாங்க."

எல்லாக் கிண்டலும் அவர் தலையில்தான் விழுகிறது. 'ஆறாவது வாசல்' என்ற பாட்டில் பதினோரு நிமிடம் ஒரே தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாராம். உலகத்திலேயே சோம்பேறி ட்ரம்மர் என்று கேலிப் படங்கள். பார்க்கிறேன் என்று சொன்னேன். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 7, சனி

கேட்டேன். இணையத்தில் இருப்பதை, கையைக் கட்டிக்கொண்டு, எழுந்திருக்காமல்.

முதல் வாசல். கிட்டாரை வைத்துக்கொண்டு ஒருவர் தீவைப் பற்றிப் பாடுகிறார். பாட்டு நிற்கிறது. ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் சுற்றுகின்றன. ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறேன். வரவில்லை. மறுபடி பாட்டு. இரண்டாம் வாசலிலும் அதே கதை. ஆறாவது வாசல் — பேஸ் ஒரே சுரத்தில் நிற்க, இடி டக், டக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறார். பதினோரு நிமிடம்! சத்தியமாகச் சொல்கிறேன், நானும் முதலிடம்தான் கொடுத்திருப்பேன்.

முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அண்ணன் எங்கே?

ஆர்கன் இல்லை. எந்த வாசலிலும் ஒரு சுரம்கூட இல்லை. பல வருடம் பக்கத்து அறையில் அவன் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது, தப்பாது.

மார்ச் 9, திங்கள்

பல் டாக்டரிடம் போனேன். பல்லுக்காகவும்தான். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் இவர். இணையத்தில் அண்ணனின் ஆர்கனே இல்லையே என்று கேட்டதும், வாயைத் திறக்க வைத்துவிட்டு அவர்தான் பேசினார்.

"அந்தக் காலத்து ரெக்கார்டிங். ரெக்கார்ட் பண்ணினவர் ட்ரம்ஸ், பேஸ் எல்லாத்தையும் இடது ஸ்பீக்கர்ல வெச்சார், உங்கண்ணனோட ஆர்கனை வலதுல வெச்சார், பாட்டு நடுவுல. வலது வயர் போன ப்ளேயர்ல ஓட்டி, கிடைச்சதையே ரெண்டு காதுலயும் வர்ற மாதிரி எவனோ நெட்ல ஏத்திருக்கான் போலிருக்கே!" கையில் இருந்த கருவியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். "எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். நான் நெட்ல கேட்டதே இல்லம்மா. திட்டறாங்கன்னு தெரிஞ்சப்புறம் யாரு கேப்பா?"

ஆல்பத்தைச் செய்தவர்கள் அவமானத்தில் கேட்கவில்லை. கேட்டவர்களோ சந்தேகப்படவில்லை. வேறு எந்த இசையிலாவது பாதி காணாமல் போனால் யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் புராக்ரெசிவ் ராக் ஆட்கள்தான் பதினோரு நிமிடம் ஒன்றும் நடக்காவிட்டாலும் அதில் ஏதோ கருத்து இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு ஒரு பேராசிரியர் வேறு.

டாக்டரிடம் தட்டு ஒன்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

தட்டை இரண்டு முறை கேட்டேன். அண்ணன் வலது ஸ்பீக்கரில் இருந்தான்.

அழுதுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் எரிச்சல்தான் வந்தது. அண்ணா, மூச்சு விடவே மாட்டாயா? பாட்டுக்காரர் வாயை மூடினால் போதும், பாய்ந்து வந்து விழுகிறான். பத்து விரலுக்கும் வேலை கொடுக்காவிட்டால் யாரோ அடிப்பார்கள் என்பது போல. கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இசை எங்கே?

இரண்டாம் பக்கமும் அப்படித்தான் போகிறது. ஆறாவது வாசலின் கடைசி நாலு நிமிடத்தில்தான் ஏதோ ஆகிறது. அவனுக்குக் களைத்துவிட்டதோ என்னவோ. ஒவ்வொரு சுரமாக வைக்கிறான். அடியில் இடி, டக், டக். அந்தத் தட்டு சோம்பேறித் தட்டே இல்லை. அண்ணன் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது அழுதேன்.

உலகத்தின் ஆக மோசமான ஆல்பம் இல்லை இது. நாலு நிமிடம் நல்லதாக இருக்கிற, சாதாரணமான, நீளமான ஆல்பம்.

மார்ச் 14, சனி

அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் வகுப்பு எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். சிறப்பிதழுக்கு நான் எழுதப்போவதையும் இடியின் மகள் கேட்டதையும் சொல்லிக்கொண்டே தட்டை மேஜையில் வைத்தேன். அட்டையைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தான்.

"அண்ணா, நெட்ல இருக்கிறதுல உன் ஆர்கனே இல்ல."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"ஏத்தின வாரத்துலருந்து."

சமையலறையில் அண்ணி நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவருக்கும் தெரியாது என்று அப்போது புரிந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. திட்டினா என்ன, அதுல நான் இல்லையே? நிம்மதியா இருந்துச்சுடி. முழுசும் வெளிய வந்து, அதையும் மோசம்னு சொல்லிட்டா நான் எங்க போய் ஒளிவேன்?"

"அப்ப இடி அண்ணன்?"

கவிழ்த்த அட்டையை இன்னும் தள்ளி வைத்தான்.

"அத்தனை பேரும் அவரைத்தானே கிழிச்சாங்க! நீ தனியா வாசிக்கறதுக்குத்தானே அவர் அப்படித் தட்டினார்! ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிருக்கும் உனக்கு?"

"அவன் ஒரு நாளும் என்கிட்ட கேக்கல."

"கேட்டாத்தான் சொல்லுவியா?"

அப்புறம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். "நீ முழுசா கேட்டியா? எப்படி இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். தங்கைதானே, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பொய்க்குப் பின்னால் ஒளிந்தே இத்தனை வருடம் இருந்துவிட்டான். "பெரும்பாலும் நல்லா இல்லண்ணா. நிறுத்தாம வாசிச்சிருக்க. ஆறாவது வாசல்ல கடைசி நாலு நிமிஷம் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"நாலு நிமிஷமா" என்றான். முகத்தில் ஈயாடவில்லை. "இதெல்லாம் எழுதாத. இடி பேரை விட்டுடு, போதும். மத்ததைக் கிளறாத."

தட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அண்ணி வாசல் வரை வந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதிவிட்டால் அண்ணனை இழப்பேன். எழுதாவிட்டால் இடி காலத்துக்கும் சோம்பேறி.

மார்ச் 17, செவ்வாய்

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் யார் தங்கை என்பது உட்பட. பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம். திங்கட்கிழமை பக்கத்தை முடிச்சு அச்சுக்கு அனுப்பணும்" என்றார். திட்டியிருந்தாலே தேவலை.

நான் எழுதி உண்மை வெளியே வருவது ஒன்று. அவன் வாயால் வருவது வேறு. இடியின் வீட்டுக்கு என் கட்டுரை போய்ச் சேருவதற்கு முன் அவன் போயிருக்க வேண்டும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டியில் இருப்பான். இல்லாமலும் இருப்பான்.

மார்ச் 20, வெள்ளி

அண்ணி போன் செய்தார். "உங்கண்ணன் இன்னிக்கு வகுப்பு எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு அந்தத் தட்டை எடுத்துட்டுப் போயிருக்கார். எங்கன்னு கேட்டேன், சொல்லல. சட்டையை மாத்திட்டு, மறுபடியும் பழையதையே போட்டுட்டுப் போனார்."

எங்கே என்று எனக்குத் தெரியும். ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 21, சனி

காலையில் அண்ணன் வந்தான். என் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் அவன் வந்ததே கிடையாது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இடியின் வீட்டில்தான் ப்ளேயர் இருந்ததாம். அவர் மனைவி, மகள், இவன், மூன்று பேருமாக இரண்டு பக்கமும் கேட்டார்களாம். மகள் இவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவிதான் பேசினாராம்.

"என்ன சொன்னாங்க?"

"இடிக்குத் தெரியுமாம்." அண்ணனின் குரல் உடைந்தது. "நெட்ல கேட்ட அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டானாம். சொல்லிடுங்கன்னு அவங்க சொன்னப்போ, 'ஆர்கன் அவனோடது. அவனே வந்து சொல்லுவான், இரு'ன்னானாம். ஆஸ்பத்திரியில கூட அப்படித்தான் சொன்னானாம். இருன்னு."

என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவன். இன்று என் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்ல? நானும் அவனிடம் கத்தியவள்தான்.

முகம் கழுவிக்கொண்டு வந்து, "எழுது. எல்லாத்தையும் எழுது. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்கறதையும் சேர்த்து. நாலு நிமிஷத்தையும் எழுது, மீதி முப்பத்தெட்டையும் எழுது" என்றான்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதி முடித்தேன். இடியின் பெயரை அவருடைய முழுப் பெயராகவே போட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

இதழ் வந்தது. டாக்டரின் தட்டிலிருந்து இரண்டு பக்கமும், இடது வலது இரண்டு சேனலும் சரியாக எடுத்து ஏற்றியாகிவிட்டது. காலையிலிருந்து கருத்துகள் கொட்டுகின்றன. "இந்த ட்ரம்மர் எவ்வளவு பொறுமைசாலி என்று இப்போதுதான் தெரிகிறது" என்று ஒருவர். "ஆர்கன்காரருக்கு யாராவது ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுங்கள்" என்று இன்னொருவர். ஆர்கன் இல்லாததுதான் அசல், இது கலப்படம் என்று பேராசிரியர்.

இணையத்தில் இன்றே வைத்த மறு வாக்கெடுப்பில் மோசமானவற்றில் நாலாவது இடத்துக்கு இறங்கியிருக்கிறது. ஏன் மோசம் என்று எழுதச் சொன்ன இடத்தில் பெரும்பாலானோர் எழுதியது அண்ணன் பெயரை. சாயங்காலம் போன் செய்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டானாம். "சரியாத்தான் சொல்றானுங்க" என்றான். "ரெண்டு பேர் ரொம்ப மோசமா திட்டியிருக்காங்க. அவங்க சொல்றதும் சரிதான்." சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டானாம்.

இடியின் மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "அம்மா கருத்தெல்லாம் படிச்சுட்டாங்க. இப்ப தூங்கறாங்க."

ஜூன் 13, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். எங்கிருந்தோ பழைய கீபோர்டு ஒன்று வாங்கி வந்து பத்து நாளாகிறதாம். என்னிடம் மூச்சு விடவில்லை.

உள்ளறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். விரல் மரத்துப் போயிருக்கிறது, தடுமாறுகிறான். ஆறாவது வாசல்தான். ஒரு சுரம் வைத்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். தலை மட்டும் மெல்ல ஆடுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இடி தட்டி முடிக்கும்வரை இருந்துவிட்டு அடுத்த சுரத்துக்குப் போகிறான்.