இடைவேளையில் மாட்டு மருந்து

உசிலம்பட்டி
12.3.1984

அன்பு மகள் தங்கப்பொண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான், உன் அப்பா, ஆடு, கோழி எல்லோரும் சுகம், பசுவும் இப்போது சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கக் கருப்பசாமி துணை.

பசு கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் தாத்தா எழுதிய மாட்டு வைத்திய நோட்டை நீ வேலை பார்க்கும் லைப்ரரியில் பிலிமாகப் படம் பிடித்து, இரண்டையும் தபாலில் அனுப்பினாய் அல்லவா, காகிதம் போய்விடும், பிலிம் நானூறு வருஷம் நிற்கும் என்று. நானூறு வருஷம் கழித்து எந்த மாட்டுக்கு வயிறு வலிக்கப்போகிறது என்று சிரித்து, பிலிமைக் கடுகு டப்பாவில் போட்டேன், நோட்டைப் பரணில் பத்திரமாக வைத்தேன். என் பத்திரம் உனக்குத் தெரியுமே. நிறைசினைப் பசு நாலு நாளாக அசைபோடாமல் படுத்துவிட்டது, மாட்டு டாக்டர் லீவு, நோட்டை எடுத்தால் அட்டைதான் வருகிறது, உள்ளே கரையான் குடும்பத்தோடு குடியிருக்கிறது. இஞ்சி, ஓமம் என்று சரக்கு தெரியும், எது எம்புட்டு என்று தெரியாது, கூடிப்போனால் வயிற்றுக் கன்றுக்கு ஆகாது. பிலிமை வெயிலில் பிடித்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது. உன் அப்பாதான், சினிமாக் கொட்டகையில பிலிமைத்தான பெருசாக் காட்டுறான், வாடி போவோம் என்றார். ஆபரேட்டர் காளை முதலில் முறைத்தான், சினைப்பசு என்றதும் இறங்கி வந்தான். படுத்த மாட்டுப் படம் போட்டிருந்த அந்த ஒரு பக்கத்தை வெட்டி, பற்பொடி விளம்பரம் காட்டுகிற மாதிரி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, முதல் ஆட்டம் இடைவேளையில் விட்டான். ஆள் உயரத்துக்கு உன் தாத்தா கையெழுத்து, அவரே எழுந்து நின்ற மாதிரி இருந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் படம் ஆரம்பித்துவிடும் என்று பால்காரர் அழகுமலை அண்ணனை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் இஞ்சி இம்புட்டு, ஓமம் இம்புட்டு என்று படித்து, அதே மூச்சில், இதை எங்க அம்மா எருமைக்கும் குடுக்கணும் என்றும் படித்து முடித்தார். ஆறு வயதில் நான் விளக்கெண்ணெய் ஊற்றிய கோபத்தில் நீ அடியில் எழுதி வைத்தது, உன் பெயரோடு! கொட்டகையே சிரித்தது, உன் அப்பாவுக்கு முறுக்கு புரையேறி நான்தான் தலையில் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

மருந்து கேட்டது. பசு மறுநாள் அசைபோட்டது, வெள்ளிக்கிழமை கிடாரிக் கன்று போட்டது. கன்றுக்கு உன் பெயர்தான், விளக்கெண்ணெய்க்கு அதுவும் உன்னைப் போலவே முரண்டு. பிலிம் ஜெயித்தது என்று துள்ளாதே, மாடு படுக்கும்போதெல்லாம் டிக்கெட் எடுத்துக்கொண்டா இருப்பேன்? அங்கே இன்னொரு பிலிம் இருக்குமே, அதிலிருந்து எல்லாப் பக்கத்தையும் காகிதத்தில் எடுத்து அனுப்பு, மறந்துவிடாதே. எருமை வரியை அழித்துவிடாதே, மருந்தோடு மருந்தாக இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பிலிமைவிட நீடித்து நன்றாக இரு.

இப்படிக்கு
உன் அம்மா எருமை
சின்னத்தாய்