அம்பு முனையும் என்ரை இடது கையும்

இஞ்சேருங்கோ,

இந்த இடது கை என்ரைதானோ எண்டு காலமை தேத்தண்ணி ஆத்தேக்கை யோசிச்சனான். வாயாலை சொல்ல வரேல்லை, எழுதுறன்.

புட்டு சட்டியிலை மூடிக் கிடக்கு, சொதியைச் சூடாக்குங்கோ. உங்களோடை வேட்டைக்கு வாற வினோஜன் நாலு மணிக்குக் காரோடை வருவான். இஞ்சை ஜெர்மனியிலை வில்லாலை வேட்டையாடத் தடை எண்டு ஹங்கேரி வரைக்கும் போறியள். அது உங்கட விருப்பம்.

நீங்கள் தீட்டின அம்பு முனை ஆறையும் பாத்தன். இரண்டு அலகு உள்ளதுகளைக் கொண்டுபோங்கோ. உங்கட வில்லின்ரை இழுவை குறைவு, மூண்டு அலகு ஆழமாப் போகாது, காட்டுப் பண்டி காயத்தோடை ஓடி அந்தரிக்கும். ஒண்டிலை பிசிறு கிடக்கு, தோல் வாரிலை இன்னும் இழுங்கோ.

உங்கட கை மயிரை அலகாலை வழிச்சு முடிஞ்ச பிறகு, என்ரை இடது கையிலை வழிச்சுக் கூர் பாக்கிறியள். "ஆடாதையும், வெட்டாது" எண்டுறியள். ஒருநாளும் வெட்டேல்லைத்தான். ஆனால் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது நான். முதியோர் இல்லத்திலை நான் குளிப்பாட்டுற மனுசி, "ஏன் ஒரு கை மட்டும் மொட்டை?" எண்டு கேட்டா. அடுப்பு நெருப்புப் பட்டது எண்டு பொய் சொன்னன்.

வெளிக்கிட முதல் வந்து கையைத் தரச் சொன்னியள். வேலை முடிய நான் சிநேகிதி சுபானி வீட்டை போறன்.

குமுதினி

வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுங்கோ.

மேசை லாச்சிக்குள்ளை றப்பர் பட்டி வைச்சிருக்கிறன். இழுத்துப் பிடிச்சு அலகை மெல்ல வையுங்கோ. உடனை அறுந்தால் கூர் சரி. என்ரை கையை இனித் தரமாட்டன்.