பச்சைப் பூண்டு, தினமும் நாலு பல்

3.3.2024 ஞாயிறு
இன்றைக்கும் இவர் தலையணை உறையில் ரத்தக் கறை. ஈறிலிருந்து வருகிறது. கையில் வேறு நீலமாய்க் கன்றியிருக்கிறது. "எங்கேயாவது இடிச்சிருப்பேன் லா" என்கிறார். வாயைத் திறந்தால் பச்சைப் பூண்டு வாடை. கேட்டால் நேற்று வைத்த ரசமாம். நேற்று நான் ரசமே வைக்கவில்லை.

5.3.2024
கண்டுபிடித்துவிட்டேன். நாத்தனார் பெரியநாயகி வேலை. எதையோ வாட்சப்பில் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்னச் சொல்லியிருக்கிறாள். கொழுப்பு கரையுமாம், பிரஷர் இறங்குமாம். "வேக வச்சா சத்து போயிடும் தம்பி. உன் பெண்டாட்டி குழம்புல கிடக்கறது சக்கை." பேத்தி தேவிஸ்ரீ காதால் கேட்டிருக்கிறாள்.

சக்கையா?

1981. கல்யாணமாகி புக்கிட் காத்தில் என்கிற ஊருக்கு, இவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். பூண்டை நசுக்கி ஓரமாய் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன். நியாலாஸ் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் அம்மா அப்படித்தான் செய்வாள். வந்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியநாயகி சொன்னாள்: "லயத்துக்காரி பூண்டை நசுக்கி வச்சுட்டு ஊர் சுத்தப் போறா!" பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மறப்பேனா?

அது கிடக்கட்டும். இவருக்கு இதயத்தில் வால்வு மாற்றி ஆறு வருஷம். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. அதோடு இந்தப் பூண்டு சேருமா? நான் படித்தது மூணாங்கிளாஸ். அடுத்த வாரம் பல் வேறு பிடுங்கணும் — ரத்தம் நிற்காமல் போனால்?

9.3.2024
பூண்டை விடச் சொன்னேன். "நிறுத்திட்டேன்" என்றார். ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

12.3.2024 செவ்வாய்
பல் கிளினிக். நர்ஸ் மிஸி ஒருத்தி, தமிழ்ப் பெண், பேனாவோடு வந்து கேட்டாள், "எத்தனை பல்லு தாத்தா?"

"நாலு பல்லும்மா. தினமும். பச்சையா."

பேனா நின்றுவிட்டது. "தினமும் நாலா?"

"ரெண்டுலதான் ஆரம்பிச்சேன். அக்காதான் கூட்டச் சொன்னா."

மிஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிறுத்தினாராம்! "பூண்டுப் பல்லைச் சொல்றாரும்மா. ரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடறார்" என்றேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டாக்டர் பல்லைத் தொடாமல் ரத்தம் எடுக்க அனுப்பினார். ரத்தம் உறையத் தாமதமாகிற அளவு போன மாசம் மூன்று இருந்தது, இன்றைக்கு ஐந்து! "இன்னைக்குப் பிடுங்கியிருந்தா ரத்தம் லேசுல நின்னிருக்காது" என்றார் டாக்டர்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் நடுவில், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

13.3.2024
இதய டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். பூண்டு நல்லதுதான், பிரஷரைக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் மருந்துக்குப் பதில் ஆகாது. பச்சையில் வீரியம் அதிகம் — இவருக்கு அதுதான் வம்பு. மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் நிற்காது, வெறும் வயிற்றில் எரிச்சலும் வரும். குழம்பில் போடுகிற அளவுக்குப் பயமில்லை. "நசுக்கி, பத்து நிமிஷம் வச்சுட்டு சமைங்கம்மா. சத்து கொஞ்சமாவது தங்கும்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். கூட வந்த தேவிஸ்ரீ அதைப் போனில் பதிவு பண்ணிக்கொண்டாள்.

14.3.2024
டாக்டர் பேசியதைப் பெரியநாயகிக்கு வாட்சப்பில் அனுப்பியாயிற்று. ரெண்டு நீலக் கோடு விழுந்தது. கேட்டுவிட்டாள்.

2.4.2024
அளவு இறங்கிவிட்டது. ரெண்டு பல் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணியில் ரத்தம் நின்றது. நின்றதே! முருகா.

21.4.2024 ஞாயிறு
பெரியநாயகி வந்தாள். வேண்டுமென்றே பூண்டுக் குழம்பு வைத்தேன். "தெரியாமச் சொல்லிட்டேன் தம்பி" என்று கண்ணைத் துடைத்தாள். அது தம்பிக்கு. எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்கே வந்து நின்றாள்.

"நசுக்கிட்டு எவ்வளவு நேரம் வைக்கணும்?"

"நீங்க ஒரு தடவை ஊர் சுத்திட்டு வாங்க அண்ணி. சரியா இருக்கும்."

ஹாலில் இவர் ரெண்டு பல் இல்லாத வாயோடு சிரித்தார். அவள் முகம் சிவந்து, பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாபகம் இருக்கிறது அவளுக்கும்!

மீதிக் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். சட்டி திரும்பி வரணும் என்றும் சொல்லிவிட்டேன்.