எண்ணெய் பூசிய பிறகு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.07.2024

அன்புள்ள ஸாலிஹா,

நான் சாகவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். கிண்ணியா வரைக்கும் கதை வந்திருக்கும். இந்த ஊரில் கதை பஸ்ஸுக்கு முந்திப் போய்ச் சேரும்.

நடந்தது இதுதான். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி, எலும்பு ஒன்றும் முறியவில்லை. நோவுக்குத் தந்த குளிசை ஆளை அமத்திவிட்டது. மத்தியானம் படுத்தவள் பின்னேரமாகியும் எழும்பவில்லை. என் மகள் ஜெனிதாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் டொக்டரைக் கூப்பிட வேண்டும். இவள் சுவாமியாரைக் கூப்பிட்டாள்.

உனக்கு எங்கள் கத்தோலிக்க வழக்கம் தெரியாது. சாகக் கிடக்கிற ஆளுக்குச் சுவாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். அந்தக் காலத்தில் அவஸ்தை பூசுதல் என்பார்கள். இப்போது நோயில் பூசுதல் என்று பெயரை மாற்றி, வருத்தக்காரர் யாருக்கும் பூசலாம், பூசினால் சுகம் வரும் என்று கோவிலில் சொல்கிறார்கள். சொல்லி என்ன? எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருக்கிற சனத்துக்கு எண்ணெய் என்றால் பெட்டிக்கு அளவெடுக்கிற நேரம்.

நெற்றியில் எண்ணெய் பட்டதும் நான் கண்ணைத் திறந்தேன். கட்டிலைச் சுற்றிச் சனம், கையில் மெழுகுதிரி. பக்கத்து வீட்டு நிரோஷினி மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறாள். "ஆர் செத்தது?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு கிழமையில் நான் எழும்பி நடந்தேன். ஒழுங்கைதான் இன்னும் எழும்பவில்லை. வருகிறவர்கள் கட்டில் கால்மாட்டில் நின்று தலையைச் சரித்துப் பார்க்கிறார்கள். என்னிடம் கேட்க வேண்டியதை ஜெனிதாவிடம் கேட்கிறார்கள். "அம்மா சாப்பிட்டவவா?" அம்மா இங்கேதான் இருக்கிறாள், காதும் கேட்கிறது. கோவில் பாட்டுக் குழுவில் என் இடத்தில் வேறு ஆளை நிறுத்தியாயிற்று. குசினிக்குள் போனால் ஜெனிதா கையைப் பிடித்துக் கூட்டி வந்து கதிரையில் இருத்துகிறாள். மீன்கார டொமினிக் கூட சைக்கிள் மணியை அடிக்காமல் போகிறான், எனக்குச் சத்தம் கூடாதாம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் ஜெனிதாவின் கையில் இருக்கிறது. கதைத்து முடியும்வரை பக்கத்தில் நின்று "அம்மா, களைக்கப் போறியள்" என்பாள். அதனால் இனிக் கடிதம்தான். எனக்குச் சரியான விசர் வருகிறது ஸாலிஹா. நீயாவது மனுசருக்கு எழுதுகிற மாதிரி எழுது.

உன் கோபக்காரி,
கிறேஸ்


கிண்ணியா.
22.07.2024

கிறேஸ் அக்காவுக்கு ஸாலிஹா எழுதுவது. அல்லாஹ்வின் காவல் உங்களோடு இருக்கட்டும்.

கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் மகள் ரிஸ்லா ஓடி வந்து "என்ன உம்மா?" என்று கேட்டாள். உயிர் எடுக்கிற மலக்குல் மௌத்து உங்கள் வாசல்வரை வந்திருப்பார். உள்ளே யார் என்று பார்த்திருப்பார். துறைமுக அலுவலகத்தில் பெரியவர்களையே நடுங்க வைத்த வாய்க்குப் பயந்து திரும்பிப் போயிருப்பார்.

ஆனாலும் எனக்கு உங்கள்மேல் கோபம். அவர்கள் இருத்தினால் நீங்கள் ஏன் இருக்கிறீர்கள்? எதிரெதிர் மேசையில் அத்தனை வருடம் உங்களைப் பார்த்தவள் நான். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிற ஆள் அல்லவா நீங்கள்? படுக்கையில் கிடந்தால் கால் சூம்பிப் போகும். என் மாமி அப்படித்தான் போனவ. எல்லோரும் நல்லாத்தான் பார்த்தார்கள், பார்த்துப் பார்த்தே கிடத்திவிட்டார்கள்.

ஒரு நல்ல செய்தி. இளையவன் இஹ்ஸானுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று, இன்ஷா அல்லாஹ் நவம்பரில் கலியாணம். குறிஞ்சாக்கேணிப் பிள்ளை. நீங்கள் வந்து நிற்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. வட்டிலப்பத்துக்கு இனிப்புப் பார்க்க உங்களைவிட்டால் ஆளில்லை. அதற்கு முதல் காலைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஸாலிஹா


திருகோணமலை.
20.10.2024

அன்புள்ள ஸாலிஹா,

நீ சொன்ன மாதிரி எழும்பிப் போய்ப் பார்த்தேன். கேள்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒழுங்கைச் சனம் எல்லாம் கூடிச் செபம் சொல்லி, கடலை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போவோம். அடுத்த நாள் அடுத்த வீடு. நான் கலியாணம் முடித்து வந்த காலம் தொட்டு மாதா என் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. சண்டைக் காலத்திலும் வந்தவ.

இந்த முறை எங்கள் பக்கம் வருகிற அன்றைக்கு விடியவே கடலையை ஊறப் போட்டேன். வெள்ளைத் துணி தோய்த்து மேசைக்கு விரித்தேன். பின்னேரம் நிரோஷினி வந்தாள். இப்போது இதற்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. "அன்ரி, உங்களுக்குக் கரைச்சல் தர விருப்பமில்லை. அதால உங்கட வீட்டை விட்டிட்டம். உங்களுக்காகவும் செபமாலையில ஒரு காரணிக்கம் சொல்லுவம்" என்றாள். ஜெனிதாவோடு முதலே கதைத்தாயிற்றாம். என்னோடு கதைக்க ஒருவருக்கும் நினைவில்லை.

இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பாடிக்கொண்டு போனார்கள். நான் படுக்கட்டும் என்று ஜெனிதா முன் லைற்றை அணைத்திருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். போனதும் பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் எழும்பி, வாசலோரம் காற்றாடிக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, தண்ணீர் தந்து, "அன்ரி களைச்சுப் போயிடுவா" என்று பிரார்த்தனையைப் பாதியில் முடித்தார்கள். என்னால் எல்லோருடைய செபமும் கெட்டுப் போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், மனம் விட்டுப் போய்விட்டது. பிரஷர் கூடியிருக்கிறது, நித்திரை இல்லை, சட்டை எல்லாம் தொங்குகிறது. கிளினிக்கில் புது டொக்டர் ஒருவர், இராகுலன் என்று பெயர், குளிசைத் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தினை பேரோட கதைப்பியள்?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் ஜெனிதா, "நாங்கள் அவவை ஒருத்தரும் தொந்தரவு பண்ண விடுறதில்லை டொக்டர்" என்றாள். அவர் பேனையை வைத்துவிட்டார். "அதுதான் இவவின்ர வருத்தம்" என்றார். ஜெனிதா வரும்போது அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அவளையும் பார்க்கப் பாவமாக இருந்தது, அறையவும் வேண்டும்போல இருந்தது.

கலியாணத்துக்கு எந்தச் சீலை கட்டுவது என்று எழுது. நீலம் இருக்கிறது. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் இரண்டு வாய் சாப்பிடுகிறேன்.

கிறேஸ்


திருகோணமலை.
09.12.2024

ஸாலிஹா,

என் கடிதத்துக்கு நீ ஏன் பதில் எழுதவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

எங்களோடு துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்த சோமசேகரம் வந்தார். நான் போக முதல் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று வந்திருக்கிறார், ஒரு தோடம்பழப் பையோடு. இருந்த கொஞ்ச நேரத்தில் இஹ்ஸானின் கலியாணம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், வட்டிலப்பம் எவ்வளவு ருசி என்று எல்லாம் சொன்னார். பிறகு, "உங்களைக் காணேல்லை, ஏலாதெண்டு சொல்லிச்சினம்" என்றார். எனக்கு ஏலாது என்று அவருக்கு யார் சொன்னது? நீதான்.

நிரோஷினி செய்ததற்கு எனக்குக் கோபம் வந்தது. ஜெனிதா செய்ததற்கு அலுப்பு வந்தது. நீ செய்ததற்கு எனக்கு அழுகை வந்தது, அதுவும் சோமசேகரத்துக்கு முன்னால். அந்த மனுசன் நான் சாகப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவிவிட்டுப் போகிறார். இந்த வெட்கத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

எழும்பிப் போங்கள் என்று எழுதினாயே. எங்கே போக? எல்லா வாசலையும் பூட்டினார்கள், கடைசி வாசலை நீ பூட்டினாய். சுவாமியார் பூசிய எண்ணெய் ஒரு கிழமையில் காய்ந்துவிட்டது. நீ பூசியது காயாது.

நீலச் சீலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பதில் எழுதாதே.

ச. கிறேஸ்


கிண்ணியா.
20.12.2024

கிறேஸ் அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். ஏசுவதென்றால் ஏசுங்கள்.

ஜெனிதா மகள் போன் எடுத்து, "அம்மாவுக்கு ஏலாது மாமி. நீங்க கூப்பிட்டா வரத்தான் நிப்பா. வழியில ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? கூப்பிடாதீங்க" என்றாள். நானும் ஓம் என்றேன். கலியாண வீட்டில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று எனக்கும் உள்ளுக்குள் பயம். உங்களைவிட என் கலியாண வீட்டை நினைத்தேன். சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது உங்கள் நினைவு வந்தது. வந்து என்ன பயன்? எழுத வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. இவ்வளவுதான் கதை. மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்க மாட்டேன், கேட்டாலும் நீங்கள் தரமாட்டீர்கள்.

நான் எழுதுவது ஒரு தேவைக்கு. என் வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, ஜனவரி கடைசியில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன். பெண்கள் வாட்டில் கூட நிற்க ஒரு பெண் ஆள் வேண்டும் என்கிறார்கள். ரிஸ்லாவுக்கு இது மாதம், எந்த நேரமும் பிள்ளை பிறக்கும், பிறந்தால் நாற்பது நாள் வெளியே வர ஏலாது. இஹ்ஸான் பெண் வீட்டுக்குப் போய்விட்டான், புது மருமகளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஆளில்லை அக்கா. உங்களுக்காகச் சோடித்த வேலை என்று நினைத்தால் ரிஸ்லாவின் வயிற்றை வந்து பாருங்கள்.

நத்தார் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. சொல்லிவிட்டேன்.

ஸாலிஹா


29.12.2024

ஸாலிஹா,

வருகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். ஜெனிதாவிடம் கேட்காதே, அவளுக்கு நான் சொல்லுவேன். தலையணை உறை ஒன்று கொண்டு வா. ஒப்பரேஷனுக்கு முதல் நாளே சண்டையை முடித்துவிட வேண்டும், பிறகு நீ அழக்கூடாது.

கிறேஸ்


திருகோணமலை.
02.02.2025

அன்புள்ள ஸாலிஹா,

கண்ணுக்குக் கண்ணாடி வரும்வரை உனக்கு வாசிக்க ஏலாது. இதை ரிஸ்லாதான் வாசிப்பாள். நல்லது. ரிஸ்லா, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து உரக்க வாசி மகள். ஒரு வரியும் விடாதே.

நேற்று நீ ஜெனிதாவுக்குப் போன் எடுத்தாயாம். "உம்மா நல்லா இருக்கா, அறையிலயே வைச்சிருக்கிறம், பார்க்க வாற ஆக்களையும் திருப்பி அனுப்பியாச்சு" என்று சொன்னாயாம். ஜெனிதா அதை எனக்குச் சொல்லும்போதே பாதியில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

டொக்டர் சொல்லும்போது பக்கத்தில் நின்றவள் நான். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, மருந்து விடவேண்டும். இவ்வளவுதான் சொன்னார். ஒருவரோடும் கதைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து உப்புக் காணுமா என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. வருகிறவர்களை வரவிடு. உம்மாவிடம் கேட்க வேண்டியதை உம்மாவிடமே கேள். நீ கெட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். என் ஜெனிதாவும் கெட்டவள் இல்லை. அவளுடைய நல்ல மனம்தான் என்னைக் கிட்டத்தட்ட முடித்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு அவள் வாசலை மறித்து நின்றாள். "உங்களைப் பார்க்கவே ஆள் வேணும், நீங்கள் ஆரைப் பார்க்கப் போறியள்?" என்று அழுதாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒழுங்கை முழுக்க வேலியில் நின்று பார்த்தது. நிரோஷினியோடு எனக்கு வருகிற ஒக்டோபரில் சண்டை இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஸாலிஹா, இனி உனக்கு. உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து வாங்கில் இருந்தவர்களைப் பார்த்து, "ஸாலிஹாவோட வந்த ஆள் ஆர்?" என்று கேட்டாள். நான் எழும்பி, "நான்" என்றேன். அவள் என் வயதையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. உன் உடுப்புப் பையை என் கையில் தந்து, "இதைப் பிடியுங்கோ, இங்கேயே நில்லுங்கோ, எங்கேயும் போகக்கூடாது" என்று அதட்டிவிட்டுப் போனாள். ஏழு மாதமாக ஒருவரும் என்னை அதட்டவில்லை, ஸாலிஹா. அன்றைக்குப் பின்னேரம் கன்டீனில் இரண்டு பணிஸ் சாப்பிட்டேன்.

கலியாணத்துக் கோபம் இன்னும் போகவில்லை. வாட்டில் வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்று பார்த்தேன், நீ குறட்டை விட்டாய். அது கிடக்கட்டும். பிள்ளைக்கு இந்த மாதம் நாற்பதாம் நாள் வருகிறது என்று ரிஸ்லா சொன்னாள். அன்றைக்கு வீட்டில் சமையல் இருக்கும், வெங்காயம் உரிக்க ஆள் தேவைப்படும். வாசலில் இருத்திக் காற்றாடி போட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கூப்பிடாவிட்டாலும் வருவேன். கூப்பிட்டால் நல்லது.

கிறேஸ்