நண்டுக்கூட்டின் கதவு

இன்று காலையிலிருந்து என் மேசைமேல் நண்டு பிடிக்கும் கூடு ஒன்று இருக்கிறது. டேனரியின் தோல் வாடையையே அமுக்கிவிட்டு லேப் முழுக்கக் கடல் நாற்றம். ஆம்பூரில் கடல் நாற்றம்! பக்கத்து மேசையில் நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே கிட்ட வந்து முகர்ந்திருப்பாய். கதவு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறாய்? பொறு, சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ காதில் வாங்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

எல்லாம் நீ இழுத்துவிட்ட வேலைதான். கடலில் தொலைந்த நண்டுக்கூடு சும்மா கிடப்பதில்லை. உள்ளே போன நண்டு வெளியே வர முடியாமல் சாகும், அதைத் தின்ன வருவதும் மாட்டும், கதவைக் கட்டிய நைலான் மக்காதவரை இப்படியே நடக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து, அன்று மதியம் நீ சாப்பாட்டையே தொடவில்லை. "நம்மகிட்ட தோல் வெட்டின துண்டு மூட்டை மூட்டையா கிடக்குதுடி. அதுல கயிறு பண்ணி கதவக் கட்டுவோம். கொஞ்ச நாள்ல கடல்லயே மக்கி அறுந்துடணும். கதவு தானா திறந்துக்கும்" என்றாய். வாணியம்பாடிக்காரி ஒன்றைப் பிடித்தால் விடுவாளா?

துண்டுகளைக் கூழாக்கி, இழையாக இழுத்து, கடுக்காய்ச் சாற்றில் லேசாகப் பதப்படுத்தி முறுக்கினோம். கடல் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று, தோலுக்கு உப்பிடும் கொட்டகையிலிருந்து உப்பை அள்ளி வந்து தொட்டியில் கொட்டி, கயிற்றை அதில் ஊறப்போட்டோம். மாதக்கணக்கில் ஊறியும் அது அப்படியே கிடந்தது. "போச்சு, நைலானுக்குத் தம்பிய பெத்துட்டோம்" என்று நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

பிறகு ஒரு நாள், லாரியிலிருந்து உப்புத் தோல்களை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அடியே, தோல் கெடக்கூடாதுன்னுதானே நாம உப்பே போடறோம்? இவ்ளோ ஜாஸ்தி போட்டா எப்பிடிடி மக்கும்?" கடலில் அந்த அளவு உப்பு ஏது? மக்கவைக்கும் கிருமிகள் உயிரோடு திரியும் தண்ணீரல்லவா அது! தோல்காரிகள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் இந்தக் கூத்தை அடித்திருப்பார்கள்? எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம்தான் பழவேற்காட்டுக்குப் போனோம். "அறுந்துபோற கயித்த எவம்மா கட்டுவான்?" என்றார் அங்கே நண்டு பிடிக்கும் அண்ணன் ஒருவர். "பருவத்துக்கு ஒரு தடவ மாத்திக் கட்டிடுங்கண்ணா. கூடு தொலைஞ்சா மட்டும் அது வேலைய அது பாத்துக்கும்" என்றாய் நீ. தான் தொலைத்த கூடுகள் நினைவுக்கு வந்தனவோ என்னவோ, ஒரு கூட்டின் கதவை நம் கயிற்றால் கட்டி, மிதவை மாட்டி, கடலில் இறக்கிவிட்டார்.

அதற்குள் நீ படுத்துவிட்டாய். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம், கொண்டுவந்த ஆரஞ்சைக்கூடப் பார்க்காமல், "இன்னா, அறுந்துதா?" என்பாய். "இன்னும் இல்லடி" என்பேன். "சீக்கிரம் அறுந்தாலும் தப்புதானே, இருக்கட்டும்" என்று என்னைத்தான் தேற்றினாய். பதில் வருவதற்குள் போய்விட்டாய். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

சரி, இப்போது கேள். அந்தக் கூட்டைத்தான் அண்ணன் கடலிலிருந்து எடுத்து எனக்கு அனுப்பிவைத்திருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. கயிறு கட்டிய இடத்தில் கொஞ்சம் வழுவழுப்பு, அவ்வளவுதான். கூட்டுக்குள் ஒரு நண்டு ஓடுகூட இல்லை. அண்ணன் போனில், "உங்க தோழிகிட்ட சொல்லிடும்மா, மத்த கூட்டுக்கும் கயிறு வேணும்னு" என்றார். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன் அண்ணா என்றேன்.

சொல்லிவிட்டேன். நாம் முதலில் முறுக்கிய கயிற்றில் ஒரு துண்டை என் கைப்பையில் கட்டிவிட்டு, "கடல்ல விழாத வரைக்கும் கியாரண்டி" என்றாயே, அது இன்னும் இருக்கிறது. மழை வந்தால் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்கிறேன். கடலில் போட்டது அறுந்துவிட்டதடி. இதை அற விடமாட்டேன்.